வாசலில் நிற்கும் சவாரோ

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் டூசானுக்குக் குடிவந்த முதல் வாரம், வீடியோ காலில் அம்மாவுக்குத் தெருவைக் காட்டினேன். "அது என்னடி, மொட்டைப் பனை மாதிரி நிக்குது?" என்றாள். எங்கள் வாசல் கள்ளிதான். எழுத்துக்கூட்டி 'சகுவாரோ' என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை, 'சவாரோ' என்று திருத்தியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

அது மே மாதம். கள்ளியின் உச்சியில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். ஒரு பூ இரவில் விரிந்தால் மறுநாள் பிற்பகலில் மூடிவிடும், அவ்வளவுதான் அதன் ஆயுள். அதற்குள் வௌவாலும் புறாவும் தேனீயும் வந்து போக வேண்டும். ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி எல்லாம் கருகிக் கிடக்க, இது மட்டும் பழுத்தது. வெடித்த பழத்தின் செக்கச்செவேல் சதையையும் தூரத்திலிருந்து பூவென்றே நினைத்தேன். இந்த மண்ணின் தொஹோனோ ஓதம் மக்கள், பட்டுப்போன சவாரோவின் உள்கம்புகளைக் கட்டி நீளமான துறட்டி செய்து அந்தப் பழத்தைப் பறிக்கிறார்கள். அவர்களுக்குப் புது வருஷமே அப்போதுதான். பழம் முடிந்தால் மழை.

மழைக்கு முன்பு கள்ளியின் உடம்பு கொசுவம் வைத்த சேலை போல ஒடுங்கியிருந்தது. முள்ளுக்கு நடுவே மடிப்பில் ஒரு பென்சிலை விட்டேன். கிட்டத்தட்ட பாதி உள்ளே போனது. ஜூலையில் நாலு மழை பெய்த பிறகு அதே இடத்தில் கால்வாசிகூடப் போகவில்லை. வேர் ஆழத்தில் இல்லை. மேல்மண்ணிலேயே அகலமாகப் படர்ந்து, விழுந்த தண்ணீரை உடனே இழுத்துக்கொள்கிறது.

அமெரிக்கப் பாலைவனம் என்றாலே இதன் படத்தைத்தான் போடுகிறார்கள். ஆனால் டெக்சஸிலோ நியூ மெக்சிகோவிலோ இது தானாக முளைக்காது. டூசானைச் சுற்றியிருக்கும் சோனோரன் பாலைவனம் மட்டுமே இதன் ஊர். கடும் உறைபனி தாங்காது.

எங்கள் கள்ளிக்கு இரண்டு கை, அதாவது பக்கக் கிளை. முதல் கை விடவே 50 முதல் 75 வருஷம் ஆகும் என்றார் பெரியவர். அப்படியென்றால் வீட்டுக்கு முன்பே கள்ளி இருந்திருக்கிறது. அப்புறம் கொல்லையில் பாலோ வெர்டே மரத்தடிக்குக் கூட்டிப்போய், குனிந்து ஒன்றைக் காட்டினார். மர நிழலில் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு முள் உருண்டை, சவாரோக் கன்று. எட்டு வயதாவது இருக்குமாம்.

என் மகளுக்கும் எட்டு. பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து வந்து மண்ணில் படுத்து அளந்தாள். ஒன்றரை அங்குலம்.