25 அடி

ஜூன் 2, திங்கள்

குள்ளர் படை என் கைக்கு வந்துவிட்டது. அண்ணன் போனில் சொன்னார், "கோட்டைய நீ பாத்துக்கோ, ஆர்க்குங்கள நான் பாத்துக்கிறேன்." சனிக்கிழமை ஆட்டம். டி அண்ட் டி, அதாவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி ஆடும் கற்பனை உலக விளையாட்டு. 2014 விதிப்புத்தகம்தான். 2024 புத்தகத்தில் குள்ளனும் சுற்றுக்கு 30 அடி நடக்கிறான், இருட்டில் 120 அடி வரை பார்க்கிறான். பழைய புத்தகத்தில் 25 அடி நடை, 60 அடி பார்வை. மனிதனுக்கும் ஆர்க் என்ற அரக்கனுக்கும் 30 அடி. அந்த 5 அடி என்னைத் தூங்க விடப்போவதில்லை.

ஜூன் 3, செவ்வாய்

அம்மாவின் ரிப்போர்ட் வெள்ளிக்கிழமைதானாம்.

ஜூன் 4, புதன்

குள்ளர் என்றாலே கோடரியைத் தூக்கிக்கொண்டு பாய்வது என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. கனமான கவசம் போட்டாலும் வேகம் குறையாது என்று விதி சொல்கிறதே என்பார்கள். சரி, குறையாது. குறைய அங்கே என்ன இருக்கிறது?

கணக்கு போட்டுப் பார்த்தேன். திரும்பி ஓடுகிற குள்ளன், அந்தச் சுற்றை முழுக்க ஓட்டத்துக்கே கொடுத்தால் 50 அடி. துரத்தும் ஆர்க் 60 அடி. அதற்குமேல் எதிரியை நோக்கிக் கூடுதலாக 30 அடி பாயும் குணம் அதற்கு உண்டு. மொத்தம் 90. வெட்டவெளியில் இறங்கி, ஒரு தடவை அணி கலைந்தால் ஒருத்தன் வீடு திரும்ப மாட்டான். ஆக வெளியே போவதில்லை. எதிரிதான் வர வேண்டும்.

ஏன் வருவான்? கோட்டையை அப்படியே விட்டுவிட்டுக் கீழே உள்ள ஊர்களைக் கொளுத்திக்கொண்டு போகலாமே. நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். அதனால் கோட்டை பாதையை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது தண்ணீரைப் பிடித்துக்கொண்டு. உயரத்தில் அழகாக உட்கார்ந்திருக்கும் கோட்டை படத்துக்குத்தான் லாயக்கு. பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாக மைசூர்ப் பக்கம் ஏறுகிறவன் வேலூரைப் பார்க்காமல் போக முடியாது. அந்த மாதிரி இடம் வேண்டும். அண்ணனிடம் வரைபடத்தை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

வெயில் ஆறு மணிக்கும் இறங்கவில்லை. அம்மா சாப்பிடவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஆஸ்பத்திரி இரவு பாஸ் என்னிடம். மருந்து பில்லின் பின்பக்கம் சுரங்கப் பாதை வரைந்தேன்.

அகலம் 10 அடி. இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கலாம். முன்வரிசை கேடயம் பிடித்து வெட்டாமல் தற்காப்பு மட்டும் எடுக்க வேண்டும். அப்போது அவர்கள்மேல் விழும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் இரண்டு பகடை உருட்டிச் சின்ன எண்ணைத்தான் கொள்ளணும். கொல்வது இரண்டாம் வரிசை. ஈட்டிக்கோடரிக்கு 10 அடி எட்டும், முன்னால் நிற்பவன் தலைக்கு மேலேயே நீட்டலாம். மூன்றாம் வரிசையில் வில் வைக்க ஆசைதான். ஆனால் நடுவில் நம் ஆளே நிற்பதால் எதிரிக்கு அது பாதி மறைப்பு ஆகிவிடும், +2. வில்காரர்களை மேலே ஏற்றி, கூரையில் துளை போட்டு எய்ய வைப்பதே மேல்.

காயப்பட்டவனை மாற்றுவதுதான் தலைவலி. நம் ஆள் நிற்கிற கட்டத்துக்குள் நுழைந்து போக ஒவ்வோர் அடிக்கும் இரண்டடி செலவு. எதிரியைவிட்டு விலகும்போது முதுகில் ஒரு வெட்டு விழாமல் இருக்க அந்தச் சுற்றின் செயலையே கொடுக்க வேண்டும். அவன் தற்காப்பை விட்ட அந்த ஒரு கணம் பாதையில் ஓட்டை.

தீப்பந்து மந்திரம் வேறு. 20 அடி ஆரம், 8 பகடை சேதம். இப்படி நெருக்கி நிற்கும் படைக்கு அதுதான் எமன். மூலையைச் சுற்றியும் பரவும். பாதையை 30 அடிக்கு ஒரு தடவை வளைத்தால் மந்திரவாதி குறிபார்க்கவே கிட்டே வந்தாக வேண்டும். வரட்டும். கூரைத் துளை இருக்கிறது.

பக்கத்துக் கட்டில் தாத்தாவின் மகன் என்ன ப்ளான் தம்பி, வீடு கட்டுறீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

வரவில்லை. திங்கட்கிழமை வந்து கேளுங்க என்றார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

புகையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. குள்ளனுக்கு விஷம் பாதிதான் ஏறும், சரி. கொலைமேக மந்திரம் காற்றைவிடக் கனம், பள்ளத்தைத் தேடி இறங்கும்; அதுவும் விஷம்தான், சமாளிக்கலாம். ஆனால் வாசலில் ஈரவைக்கோலைக் கொளுத்தினால் அது விஷமில்லை, மூச்சுத்திணறல். அதற்கு எந்தச் சலுகையும் இல்லை. நல்ல உடல்கட்டுள்ள குள்ளன் நாலு நிமிஷம் மூச்சைப் பிடிப்பான். அப்புறம்?

ஜூன் 7, சனி

பக்ரீத். நண்பன் வர முடியாததால் ஆட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. பிரியாணி மட்டும் தூக்கில் வந்தது, கத்திரிக்காயோடு. படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இந்த வாரத்தில் இன்றைக்குத்தான் வயிறு நிறைந்தது.

சாயங்காலம் அக்கா வந்ததும் வேலூர்க் கோட்டைப் பக்கம் நடந்தேன். அகழி, கருங்கல் மதில், எதிரே மலைமேல் சின்னக் கோட்டைகள். 1677இல் மராட்டியர் முற்றுகையிட்டு அடுத்த வருஷம்தான் பிடிக்க முடிந்தது. அவ்வளவு தாங்கிய கோட்டை, 1806 ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் பிடித்து, அன்றைக்கே கைவிட்டுப் போனது. ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்தார், பின்னால் பீரங்கி வந்தது, வாசல் கதவு போனது. ஆற்காடு அவ்வளவு கிட்டே.

என் குள்ளர்களுக்கும் ஓர் ஆற்காடு வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை மாதம் தாங்கி என்ன பயன்? ஆர்க்குகளுக்கு ஓர் ஆற்காடு இருந்தால், அந்தச் சாலைக்கு அடியில் முன்கூட்டியே ஒரு சுரங்கம். 25 அடிக்காரனுக்கு உள்ள ஒரே பாய்ச்சல் தோண்டுவதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா கஞ்சித்தண்ணி மட்டும் குடித்தார். சோறு எனக்காம். "நீ சாப்புடுடா, எனக்கு இது போதும்."

1751 ஆற்காடு முற்றுகையில், கோட்டைக்குள் அரிசி குறைந்தபோது சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. 50 நாள் தாங்கினார்கள். நான் வரைந்ததில் ஆயுதக்கிடங்கு, உலைக்களம், மதுக்கிடங்குவரை இருக்கிறது. தானியக் குதிர் எங்கே?

முற்றுகையிட்டவர்கள் யானைகளின் நெற்றியில் இரும்புத்தகடு கட்டிக் கதவை முட்ட விட்டார்கள், குண்டு பட்டதும் அவை திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. அண்ணன் கதவை உடைக்க ராட்சதர்களைத்தான் அனுப்புவார், தெரியும். முதலில் வருபவனைக் கொல்லக் கூடாது. வலிக்க வேண்டும், திரும்பணும்.

ஜூன் 9, திங்கள்

நாளை.

ஜூன் 10, செவ்வாய்

ரிப்போர்ட் கையில். அக்கா இரண்டு தடவை படித்தாள். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பின்வாங்கும் வழியைச் சண்டைக்கு முன்னாலேயே கட்டிவைக்க வேண்டும். 50 அடிக்கு ஒரு கதவு, ஒரே ஓட்டத்தில் எட்டுகிற மாதிரி. ஆனால் ஆர்க் 90 அடி வரும். கதவு மூடும்போது அது நடுவில் நிற்கும். யாராவது ஒருத்தன் வெளியே நின்று தடுத்தால்தான் மற்றவர்கள் உள்ளே போக முடியும். அண்ணன் கேட்டார், "யாருடா நிப்பா?" பதில் சொல்லவில்லை.

நெருஞ்சிமுள் மாதிரி இரும்பு முள் இறைக்கலாம். மிதித்தவன் அங்கேயே நிற்பான், வேகம் 10 அடி குறையும். அப்படியே சரிவில் பால்ரஸ் குண்டுகளைக் கொட்டினால் விழுவான். மேலிருந்து இறங்கும் இரும்புக் கிராதி இருந்தால் யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. கயிற்றை உள்ளே இருந்தே வெட்டலாம். இதெல்லாம் செய்தும் ஒரு சுற்று இடிக்கிறது. அந்த ஒரு சுற்றுக்கு ஆள் வேண்டும். மாமா போன் பண்ணி சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமே என்கிறார். அக்காவுக்கு லீவு இல்லை.

ஜூன் 11, புதன்

உலைக்களம் இருந்தால் புகைபோக்கி இருக்கும். புகைபோக்கி இருந்தால் அதன் வழியாக ஒருத்தன் இறங்கலாம். இதை எப்படி விட்டேன்?

ஜூன் 13, வெள்ளி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நாங்கள் சொல்லவில்லை, ரவுண்ட்ஸில் பேசியதைக் கேட்டிருக்கிறார். "சரி, எப்ப ஆரம்பிக்கிறாங்க?" என்றுதான் கேட்டார்.

திங்கட்கிழமை முதல் டோஸ். நாளை ஆட்டத்துக்கு வரவில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். படையை நண்பனிடம் கொடுக்கச் சொன்னேன், வரைபடங்களை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். கதவுகளுக்கு நடுவில் 50 அடி வேண்டாம், 40 வை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். புகைபோக்கிகளில் கம்பி வலை. குதிருக்கு இடம் இன்னும்