ஒன்பது நாள் வித்தியாசம்

எங்கள் மகள் பிறந்து நான்கு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் பதினான்கு பக்க ஒப்புதல் படிவத்தை என் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய கடைசிப் பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டினார். அறுவை சிகிச்சை முடிந்து என் மனைவி மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் படுத்திருந்தாள். குழந்தை 1,180 கிராம் எடையோடு, மூக்கில் மூச்சுக்கு உதவும் குழாயோடு இன்குபேட்டரில் இருந்தாள்.

குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கும் பாலின் அளவை நாளுக்கு நாள் எவ்வளவு வேகமாகக் கூட்டுவது என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வி. வேகமாகக் கூட்டினால் சிரை வழியே ஊட்டம் ஏற்றும் குழாயைச் சீக்கிரம் எடுத்துவிடலாம், அதன் வழியாக வரக்கூடிய தொற்றும் குறையலாம். ஆனால் பிஞ்சுக் குடல் அதைத் தாங்காமல் அழன்று போகுமோ என்ற அச்சம் மருத்துவர்களிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. இதை எனக்குப் புரியும்படி சொன்னவர் பணியில் இருந்த இளம் மருத்துவர். ஒருங்கிணைப்பாளர் சொன்னதெல்லாம் "இரண்டுமே வழக்கத்தில் உள்ள முறைகள்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்பது மட்டுமே.

அந்த ஒரு வாக்கியத்தை எளிதில் நம்பிவிட வேண்டாம் என்பதை இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 24 முதல் 27 வாரங்களில் பிறந்த குழந்தைகளை வைத்து நடத்தி 2010-இல் முடிவு வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு குழுவுக்கு இரத்த ஆக்சிஜன் அளவு 85 முதல் 89 சதவீதம் வரையும், மற்றக் குழுவுக்கு 91 முதல் 95 சதவீதம் வரையும் இருக்குமாறு இலக்கு வைத்தார்கள். இரண்டும் அன்று வழக்கத்தில் இருந்த வரம்புக்குள் அடங்கியவைதான். ஆயினும் குறைந்த அளவு பெற்ற குழுவில், பிழைத்த குழந்தைகளிடையே கடுமையான விழித்திரை நோய் குறைந்தது, இறப்போ கூடியது. அந்த அபாயங்களைப் பெற்றோருக்கான படிவத்தில் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2013-இல் அந்நாட்டு அரசின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகமே குறை கூறியது. அது சரியா என்று மருத்துவர்களிடையே பெரிய விவாதமும் நடந்தது. எனவே "இரண்டும் வழக்கம்தான்" என்று யாராவது சொன்னால், இரண்டுக்கும் நடுவே எதில் வேறுபாடு வரக்கூடும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். இந்த வரலாறெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. என் மனைவி கண் விழித்துப் படித்த பிறகுதான் கையெழுத்து என்று பிடிவாதமாகச் சொன்னது மட்டும்தான் நான் செய்த நல்ல காரியம். படிவத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கியதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவள் படித்தாள், மூன்று கேள்விகள் கேட்டாள், சம்மதித்தாள். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

30 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தைகளையே இந்த ஆய்வில் சேர்ப்பார்கள். அனுமதிச் சீட்டில் கடைசி மாதவிலக்குத் தேதியை வைத்து 30 வாரம் 4 நாள் என்று எழுதியிருந்தார்கள். ஆனால் மூன்றாம் மாதத்தில் எடுத்த முதல் ஸ்கேனில் கருவின் நீளம் 45 மில்லிமீட்டர். அந்தக் கணக்கின்படி பிறந்த நாளன்று 29 வாரம் 2 நாள்தான். முழுதாக ஒன்பது நாள் வித்தியாசம். அந்த மாதத்தில் இரண்டு கணக்கும் ஏழு நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் கணக்கையே ஏற்க வேண்டும் என்பது மகப்பேறு மருத்துவர்கள் பின்பற்றும் விதி. எங்கள் மருத்துவர் அப்போதே தேதியை மாற்றியிருந்தார். ஆனால் அவசரமாக வேறு மருத்துவமனைக்கு வந்த இரவில் அந்த அறிக்கை வீட்டிலேயே தங்கிவிட்டது.

தாளைக் காட்டினால்தான் சேர்க்க முடியும், அதுவும் முதல் பால் தொடங்குவதற்குள் காட்ட வேண்டும் என்றார் ஒருங்கிணைப்பாளர். மைத்துனரை வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து அவர் மூச்சிரைக்கக் கொண்டுவந்தது ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கை. பாவம், அவர் மேல் தவறில்லை. உறைகள் எல்லாம் ஒரே நிறம், நானும் "ஸ்கேன் ரிப்போர்ட்" என்று மட்டுமே சொல்லியிருந்தேன். கர்ப்பம் வளர வளரக் குழந்தைக்குக் குழந்தை அளவு மாறுபடும் என்பதால் வயதைக் கணிக்கப் பிந்தைய ஸ்கேன் அவ்வளவு நம்பகமானதன்று. ஒருங்கிணைப்பாளர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். மறுபடியும் அனுப்பினேன். சரியான தாள் வந்தபோது இரவு பதினொன்று. முதல் மூன்று மாதத்து ஸ்கேன் அறிக்கையைத் தனி உறையில் போட்டு, கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்துக் காகிதங்களிலேயே பிற்காலத்தில் அதிகம் கேட்கப்பட்டது எங்களுக்கு அதுதான்.

கணினி குலுக்கிப் போட்டதில் வேகமாகப் பால் கூட்டும் குழு எங்களுக்குக் கிடைத்தது. அடுத்த ஏழு வாரங்கள் நெஞ்சோடு அணைத்தும், எடை பார்த்தும், நல்லபடியாகவே கடந்தன.

ஒரே ஒரு சறுக்கல். நான்காம் வாரத்தில் செய்ய வேண்டிய விழித்திரைப் பரிசோதனைக்கு முதல் நாள் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அடுத்த வார்டுக்கு மாற்றினார்கள். கண் மருத்துவருக்கான குறிப்பு பழைய வார்டிலேயே நின்றுவிட்டது. என் மனைவி கேட்டபோது "பார்த்திருப்பார்கள்" என்று பதில் வந்தது. பார்த்திருந்தால் எழுதியிருப்பார்களே என்று அவள் விடாமல் கேட்டதால் இரண்டு நாள் தாமதத்தோடு பரிசோதனை நடந்தது; நல்லவேளை, சிகிச்சை தேவைப்படவில்லை. 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் இன்குபேட்டர்களில் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள்; நன்மை என்று எல்லோரும் நம்பியதைச் சோதித்துப் பார்த்த பிறகே அந்த உண்மை வெளிப்பட்டது. வீடு திரும்பும்போது அடுத்த கண் பரிசோதனை எந்தத் தேதி என்பதை எழுத்தில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தட்டச்சு செய்தவர் பழைய அனுமதிச் சீட்டைப் பார்த்து மறுபடியும் 30 வாரம் 4 நாள் என்று அடித்திருந்தார். வீட்டுக்குப் போகும் மகிழ்ச்சியில் நான் கவனிக்கவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, தொடர் பரிசோதனைப் பிரிவில் யாரோ எங்கள் மகளைப் பிறந்த தேதியை மட்டும் வைத்துப் பதிந்திருந்ததுதான். முதல் பிறந்தநாளை ஒட்டிப் போன பரிசோதனையில், குழந்தை எதையும் பிடிக்காமல் நிற்கவில்லை, வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று இரவுகள் நாங்கள் தூங்கவில்லை. நான்காம் நாள் எங்கள் குழந்தைநல மருத்துவர் தாளை வாங்கிப் பார்த்து, பத்தரை வாரத்துக்கு மேல் முன்கூட்டிப் பிறந்தவளுக்கு அன்று திருத்திய வயது, அதாவது பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளிலிருந்து எண்ணும் வயது, ஒன்பதரை மாதம்தான், அந்த வயதில் தனியே நிற்காதது இயல்பே என்று இரண்டே வாக்கியங்களில் முடித்தார். தடுப்பூசிக்குப் பிறந்த தேதி, வளர்ச்சிக்குத் திருத்திய வயது: இந்த வேறுபாட்டை அந்தப் பிரிவிலேயே அறியாமல் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

இரண்டாம் ஆண்டுப் பரிசோதனைக்கும் அதே கதை. குறிப்பிட்ட நாளில் நான்கு மணி நேரம் பயணம் செய்து போனோம். திருத்திய வயதில் 22 மாதம் நிறைந்து 26 மாதத்துக்குள் இருக்க வேண்டும், இவளுக்கு இருபத்தொன்றரைதான் ஆகிறது என்று சொல்லி மதிப்பீட்டாளர் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரிதான். தேதி கொடுத்தவர்தான் தவறினார். பயணச் செலவைத் திருப்பித் தருவதற்கு ஆய்வில் வழி இருந்தும், பரிசோதனை நடக்காத நாளுக்குப் பொருந்தாது என்று கணக்கர் கைவிரித்துவிட்டார்.

திரும்பும் வழியில், இத்தோடு போதும் என்று நான் சொன்னேன். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகும் உரிமை படிவத்திலேயே இருந்தது. என் மனைவி கஃபீனை நினைவூட்டினாள். மூச்சு இடையிடையே நின்றுபோகாமல் இருக்க எங்கள் மகளுக்கும் அது தினமும் கொடுக்கப்பட்டது. அந்த மருந்தை எழுபதுகளிலிருந்தே பயன்படுத்தி வந்தும், நீண்டகாலத்தில் நல்லதா கெட்டதா என்று தெரியாமல்தான் கொடுத்து வந்தார்கள். 1,250 கிராமுக்கு மிகாத 2,006 குழந்தைகளைச் சேர்த்து நடந்த ஆய்வின் முதல் முடிவு 2006-இல் வந்தது. மூளைவாதமும் குறைகிறது என்ற செய்தி மறு ஆண்டில்தான், அந்தக் குழந்தைகள் ஒன்றரை வயதைத் தாண்டிப் பரிசோதனைக்குத் திரும்ப வந்ததால்தான், தெரியவந்தது. யாரோ சில பெற்றோர் அலுப்புப் பார்க்காமல் போனதை நம் குழந்தை அனுபவித்தாயிற்று என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த முறை தேதியை நாங்களே கணக்கிட்டு, திருத்திய வயது 24 மாதம் நிறையும் வாரத்தைக் கடிதத்தில் எழுதிக் கேட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் வாரக் கணக்கைத் திருத்தி முத்திரை வாங்க இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது. பரிசோதனை நாளன்று மகள் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, படப் புத்தகத்தில் நாயைக் காட்டிக் குரைத்து, கடைசியில் மதிப்பீட்டாளரின் பேனாவைத் தர மறுத்தாள். எல்லாம் முடிந்து படிவத்தை நிரப்பும்போது, பிறந்தபோது கர்ப்ப வாரம் எத்தனை என்று அவர் கேட்டார். 29 வாரம் 2 நாள் என்றேன். ஆதாரம் இருக்கிறதா என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அந்த உறை மேசைமேல் இருந்தது. அசலை வைத்துக்கொள்ளட்டுமா என்றார். நகலைக் கொடுத்துவிட்டு அசலைப் பையில் போட்டுக்கொண்டேன்.