நான் அழித்த 40.2

மாசியில் ஒரு காலை, எங்கள் காலேஜ் செட் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. அல்லைடு பிசிக்ஸ் லேப் சார் போய்விட்டார். லண்டனில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை.

1987. நாங்கள் கெமிஸ்ட்ரி மேஜர்; பிசிக்ஸ் துணைப்பாடம்தானே என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது. சோடியம் விளக்கு முதலில் ரோஜா நிறத்தில் மினுங்கி, மெல்ல மஞ்சளுக்கு வரும். வந்தபின் யார் சட்டை என்ன நிறம் என்றே தெரியாது. கம்பியின் தடிமன் அளக்கும் ஸ்குரூ கேஜ் மட்டும் எனக்குப் பழகிய பொருள். கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வேலைக்குப் போன அப்பா, அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருப்பார்.

அன்று எனக்குத் தனி ஊசல். ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊசலைக் கோணலாக்கும் என்று சார் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லியிருந்தார். நீளம் 100 செ.மீ., 20 அலைவுகள். முதல் முறை 40.2 வினாடி. இரண்டாம் முறையும் 40.2. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம், அதாவது g, 9.77 வந்தது. புத்தகத்தில் 9.8. இரண்டாவது 40.2-ஐ ரப்பரால் அழித்து 40.1 என்று எழுதினேன். சராசரி 40.15, விடை அச்சு அசலாக 9.80.

சார் அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். அழித்த இடம் தாள் மெலிந்து தெரிந்தது.

“ஏங்கண்ணு, ஸ்டாப் வாட்ச் பொய் சொல்லுச்சா, நீ சொன்னியா?”

பேட்ச் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “நான்தானுங் சார்” என்று சொல்வதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டில் g 9.78, துருவத்தில் 9.83. கோயம்புத்தூர் இருப்பது 11 டிகிரியில், அதுவும் கடல்மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேலே. “நம்மூருக்கு 9.78 கண்ணு. நீ அழிச்சதுதான் உண்மைக்குப் பக்கத்துல இருந்துச்சு.” அப்புறம் பேனாவை வாங்கி, தப்பான எண்ணை எப்படி அடிப்பது என்று காட்டினார். ஒரே கோடு. கீழே இருப்பது தெரிய வேண்டும். பக்கத்தில் கையெழுத்து, தேதி.

இங்கே நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அதே முறையைத்தான் விதி என்று சொல்லிக் கொடுத்தார்கள். நான் அதைக் கற்றுக்கொண்டே விமானம் ஏறியிருந்தேன். சாருக்கு அதை எழுதியிருக்கலாம். ஊருக்குப் போகும்போதெல்லாம் கல்யாணம், பழனி, பொள்ளாச்சியில் மாமனார் வீடு என்று லீவு தீர்ந்துவிடும். அவர் வீடு எங்கள் தெருவிலிருந்து இரண்டே பஸ் ஸ்டாப்.

போன ஐப்பசியில், என் வீட்டு நிலைப்படியில் ஒரு மீட்டர் நூல் கட்டி ஊசல் விட்டேன். வித்தியாசம் தெரிய 20 அலைவு போதாது என்று 200 எண்ணினேன். 401.2 வினாடி. நம்மூரில் இதுவே 401.8 ஆகியிருக்கும். இங்கே g 9.81. எண்களைப் பேனாவில், அடித்தல் இல்லாமல் ஒரு தாளில் எழுதி மடித்து பாஸ்போர்ட்டுக்குள் வைத்தேன். தையில் போய்ச் சாரிடம் காட்டுவதாக இருந்தது. டிக்கெட் விலை பார்த்துச் சித்திரைக்குத் தள்ளிப் போட்டேன்.