தோண்டிப் பார்க்க ஒரு தொட்டி

நான் வேலை பார்க்கும் இல்லம் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் அடி உதை தாங்காமல் கிளம்பி வந்த பெண்கள் பிள்ளைகளோடு தங்கும் இடம். சிலர் இரண்டு வாரம் இருப்பார்கள், சிலர் ஆறு மாதம். நான் ஆற்றுப்படுத்துநர். பிள்ளைகளைப் பேச வைப்பதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் சேர்ந்தேன். ஆனால் இங்கே வருவதற்குள் ஒரு பிள்ளையிடம் நாலு பேர் "அப்பா என்ன செஞ்சாரு?" என்று கேட்டு முடித்திருப்பார்கள். ஐந்தாவதாக நானும் கேட்டால் அது தரையைத்தான் பார்க்கும்.

கொல்லையில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. வண்டல் மண், எதைப் போட்டாலும் வரும். அதில் பிள்ளைகளோடு தோட்டம் போடலாம் என்று ஆரம்பித்தோம். துணைக்கு அம்மாயி வந்தார். சின்ன வயதிலிருந்து நடவாளாக இருந்தவர், இடுப்பு வலியால் வயலுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். பிள்ளைகள் அம்மாயி என்று கூப்பிட, எங்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

முதல் வாரமே நான் ஒரு தப்பு செய்தேன். தண்ணீர் விடப் பச்சை ரப்பர் ஓஸை இழுத்துக்கொண்டு வந்தேன். பாத்தியில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பெண் சத்தமில்லாமல் எழுந்துபோய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். இரண்டு கையும் பின்னந்தொடையை மூடியிருந்தன. அவள் எதால் அடி வாங்கினாள் என்பது அதுவரை எங்கள் கோப்பில் இல்லை. அன்றைக்கே ஓஸை மாடியில் போட்டுவிட்டு, பூவாளியும் சின்னக் குடமும் வாங்கினோம். மண்வெட்டியை ஓங்கிக் கொத்தும் வேலையெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான். மீன் அமிலம் தெளிப்பதையும் விட்டோம். மீனும் வெல்லமும் புளித்த வாடை வந்தாலே இரண்டு பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள். அது அவர்களுக்கு எந்த வாடையை ஞாபகப்படுத்தியது என்று கேட்கத் தேவைப்படவில்லை.

அந்த வருட ஆடியில் ஒரு பையன் வந்தான், ஒன்பது வயது. (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.) ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, நாங்களும் கொடி அவரை போட்டோம். அவனுக்கு நாலு விதை. மறுநாள் காலையில் பார்த்தால் நாலு குழியும் திறந்து கிடந்தன. விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறான், திரும்பப் புதைக்கிறான். சாயங்காலமும் அதே. "இப்படித் தோண்டுனா எப்படி முளைக்கும்?" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாயி கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு அவன் பக்கத்தில் குந்தினார்.

"இருக்காய்யா?"

"இருக்கு."

"சரி, மூடு. அதுக்குக் கூசும்."

அவ்வளவுதான் பேச்சு. மூன்றாம் நாள் அவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். விதை ஊறிப் பருத்து, தோல் சுருங்கி ஓரத்தில் கிழிந்து, வெள்ளையாக ஒரு வேர் வளைந்து வெளியே வந்திருந்தது. ஈர மண் ஒட்டிய விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் அவன் அம்மாவிடம் விசாரித்தேன். ராத்திரியில் எழுந்து எழுந்து அவர் மூக்குக்கு நேரே கை வைத்துப் பார்ப்பானாம், மூச்சு வருகிறதா என்று. மாதக்கணக்கில் அப்படித்தானாம்.

அந்த நாலில் இரண்டு அழுகிப்போயின, இரண்டு பந்தலேறின. தினமும் "எப்ப பூக்கும்?" என்பான். கொடி அவரை அவசரப்படாது, பனிக்காலம் வந்தால்தான் பூக்கும். கார்த்திகை வரைக்கும் பொறு என்றார் அம்மாயி. புரட்டாசியிலேயே அவன் அம்மா அந்த வீட்டுக்கே திரும்பிப் போக முடிவெடுத்துவிட்டார். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை உண்டு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை உண்டு, பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கும் ஆணையும் உண்டு. எல்லாவற்றையும் உட்கார வைத்துச் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார், கிளம்பினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கையில் காசில்லாதவள் எத்தனை நாள் தாங்குவாள்? ஆனால் அந்தப் பையனுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்கழியில் அந்தப் பந்தல் முழுக்க ஊதாப் பூ. பறித்த காயை அந்த வாரம் குழம்பு வைத்தோம். அவன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள இரண்டு தடவை முயன்றேன், வீடு மாறிவிட்டார்கள்.

இப்போது பாத்திகளுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கிறோம், தோண்டிப் பார்ப்பதற்கென்றே. அதில் எதுவும் வளர வேண்டியதில்லை. போன வாரம் வந்த குட்டிப் பெண் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அதைக் கிளறுகிறாள். எடுத்த விதைகளைப் பாவாடையில் முடிந்துகொண்டும் போய்விடுகிறாள். அம்மாயி தினமும் சாயங்காலம் அதில் புதிதாக ஒரு கைப்பிடி அவரை விதையைப் போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறார்.