மெஷின் வந்துவிட்டது, தண்ணீர் எங்கே?

வசதி குறைந்த நாடுகளில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு திறக்கிறார்கள் என்றால் எல்லோர் கண்ணும் மெஷின் மேல்தான் இருக்கும். ரிப்பன் வெட்டுவது அதன் முன்னால்தான், போட்டோ எடுப்பதும் அதன் பக்கத்தில்தான். கொஞ்ச நாள் கழித்துப் போனால் அதே மெஷின் துணி போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கும். பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மோட்டார் எரிந்திருக்கும், குளோரினைப் பிடிக்கும் கார்பனை மாற்றியிருக்க மாட்டார்கள், பிளட் லைன் (ரத்தம் ஓடும் குழாய்) தீர்ந்திருக்கும், அல்லது பயிற்சி பெற்ற ஒரே டெக்னீஷியன் வேலையை விட்டுப் போயிருப்பார்.

2010ல் உலகம் முழுக்க சுமார் 26 லட்சம் பேர் டயாலிசிஸாலோ மாற்றுச் சிறுநீரகத்தாலோ உயிரோடு இருந்தார்கள். அது கிடைக்காமல் இறந்தவர்கள் குறைந்தது 22 லட்சத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். அதில் பெரும்பகுதி ஆசியாவும் ஆப்பிரிக்காவும். இந்தக் கணக்கைச் சொன்னதும் "எத்தனை மெஷின் வேண்டும்?" என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று கேட்டால் பேச்சு உருப்படியாக இருக்கும்.

கணக்கு சுலபம். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வடிகட்டியான டயாலைசருக்குள் நிமிடத்துக்கு 500 மில்லி டயாலிசேட் (உப்புகள் கலந்த சுத்த நீர்) ஓடுகிறது. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். முன்னும் பின்னும் மெஷின் கழுவுவதையும் சேர்த்தால் ஒரு ஆளுக்கு 150 லிட்டர் என்று வையுங்கள். ஐந்து மெஷின், இரண்டு ஷிஃப்ட் என்றால் ஒரு நாளைக்கு 1,500 லிட்டர் சுத்த நீர். ஆர்.ஓ. பாதித் தண்ணீரை வெளியே தள்ளும்; அதனால் உள்ளே வர வேண்டியது 3,000 லிட்டர். சப்ளை ஒரு நாள் நின்றால் சமாளிக்க 6,000 லிட்டர் தொட்டி. ஐந்து மெஷினும் ஒரே நேரத்தில் ஓடினால் மணிக்கு 150 லிட்டர் இழுக்கும். ஆர்.ஓ. பிளான்ட் 250 முதல் 300 வரை தருவதாக இருந்தால்தான் அதன் மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) பழசான பிறகும் தாக்குப்பிடிக்கும். ஆர்.ஓ. தள்ளும் கழிவுநீரைச் சாக்கடையில் விடாதீர்கள். கழிப்பறைக்கும் தரை கழுவவும் அது தாராளமாகப் போதும்.

"எங்களிடம் ஏற்கெனவே குடிநீர் ஆர்.ஓ. இருக்கிறது, அதையே இணைத்துவிடலாமே" என்பார்கள். கூடாது. நாம் வாரத்துக்குக் குடிப்பது பத்துப் பதினைந்து லிட்டர். அதுவும் குடல் வடிகட்டித்தான் ரத்தத்துக்கு அனுப்புகிறது. டயாலிசிஸில் வாரம் 360 லிட்டர் தண்ணீர் ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தத்தோடு உரசிக்கொண்டு ஓடுகிறது. தண்ணீரில் இருக்கும் சின்னச் சின்ன மூலக்கூறுகள் நேராக உள்ளே போகும். போனதை வெளியேற்றச் சிறுநீரகமும் இல்லை. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் நல்ல எண் காட்டுகிறது என்பதில் ஆறுதல் அடைய ஒன்றுமில்லை. குளோரமைனும் (குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து உண்டாவது) என்டோடாக்ஸினும் (பாக்டீரியாவின் நஞ்சு) அந்த மீட்டருக்குத் தெரியாது.

வரிசை இது: கரடு வடிகட்டி, கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர், அடுத்தடுத்து இரண்டு கார்பன் தொட்டி, நுண் வடிகட்டி, ஆர்.ஓ., அதற்குப் பிறகு தண்ணீர் நிற்காமல் சுற்றிவரும் குழாய். சாஃப்ட்னரும் கார்பனும் சில இடங்களில் முன்பின்னாக இருக்கும், பரவாயில்லை. ஆர்.ஓ.வுக்குப் பிறகு செம்பு, பித்தளை, அலுமினியம், துத்தநாகம் பூசிய இரும்பு எதுவும் தண்ணீரைத் தொடக்கூடாது. பிளம்பர் கையில் இருக்கும் பித்தளை வால்வை "இது போதும் சார்" என்று மாட்டிவிட்டுப் போவார். பக்கத்தில் நின்று பாருங்கள்.

சாஃப்ட்னரில் ஒரு குட்டிக் குறும்பு உண்டு. உப்பு நீரால் தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் நேரத்தை ராத்திரி இரண்டு மணி என்று வைத்திருப்பார்கள். சாதாரண டைமர் என்றால், கரன்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் நின்றுவிடும். வாரத்தில் எட்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் ராத்திரி இரண்டு மணிக் கழுவல் காலை பத்து மணிக்கு நடக்கும், அதாவது ஷிஃப்ட் நடுவில். அதனால் காலையில் முதல் வேலை டைமரையும் சுவர்க்கடிகாரத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. நாளின் கடைசி ஷிஃப்ட் முடியும்போது கடினத்தன்மை சோதனை. கடின நீர் உள்ளே போனால் வாந்தி, தலைவலி, பலவீனம், ஏறும் ரத்த அழுத்தம். இதை "ஒத்துக்கவில்லை" என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

உயிரை எடுப்பது குளோரமைன். மழைக்காலத்தில் ஊர்த் தண்ணீரில் குளோரினை இரட்டிப்பாக்கினால் யாரும் உங்களுக்குப் போன் செய்து சொல்லப்போவதில்லை. கார்பன் தீர்ந்த நாளில் அது நேராக ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நோயாளிக்கு மூச்சுத் திணறல், முதுகு வலி, நெஞ்சு வலி; உடலுக்குத் திரும்பும் லைனில் ரத்தம் திராட்சை ஒயின் நிறத்துக்கு மாறும். அப்போது செய்ய வேண்டியது பம்பை நிறுத்தி, இரண்டு லைனையும் கிளாம்ப் போட்டு, அந்த ரத்தத்தைத் திருப்பி உள்ளே விடாமல் இருப்பது. உடைந்த அணுக்களிலிருந்து வெளிவந்த பொட்டாசியம் அதில் நிறைந்திருக்கும். பாசத்தில் "ரத்தம் வீணாகக்கூடாது" என்று திருப்பி ஏற்றினால் இதயம் நின்றுவிடலாம்.

சோதனை செய்யும் முறையில்தான் தப்பு நடக்கிறது. பிளான்ட் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு மாதிரி எடுக்க வேண்டும். ராத்திரி முழுக்கக் கார்பனில் தேங்கிய தண்ணீர் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். மாதிரி எடுக்கும் இடம் இரண்டு கார்பன் தொட்டிகளுக்கும் நடுவில். பார்க்க வேண்டியது மொத்தக் குளோரின். தனிக் குளோரினை மட்டும் காட்டும் ரசாயனம் குளோரமைன் இருந்தாலும் பூஜ்யம் காட்டும். எல்லை லிட்டருக்கு 0.1 மி.கி. நீச்சல் குளத்து வண்ண அட்டையில் அந்த அளவு கண்ணுக்கே தெரியாது. முதல் தொட்டிக்குப் பின் தாண்டிவிட்டால் இரண்டாவதற்குப் பின் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் அரை மணிக்கு ஒரு சோதனையோடு அந்த ஷிஃப்டை முடித்து, முதல் தொட்டியின் கார்பனை மாற்றலாம். அங்கேயும் தாண்டியிருந்தால் எல்லா மெஷினையும் நிறுத்த வேண்டியதுதான். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன்னால் இந்தச் சோதனை வேண்டும்.

டேங்கர் லாரித் தண்ணீர் என்றால் இன்னும் உஷார். 1996 பிப்ரவரியில் பிரேசிலின் கருவாரு நகர டயாலிசிஸ் மையம் ஒன்றுக்கு, சரியாகச் சுத்திகரிக்காத ஏரித் தண்ணீர் லாரியில் வந்தது. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு அதில் இருந்தது. மையத்தின் வடிகட்டிகளால் தடுக்க முடியவில்லை. கல்லீரல் செயலிழந்து 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். தண்ணீர் எங்கிருந்து நிரப்பி வருகிறது என்று லாரி டிரைவரிடம் தினமும் கேட்டு எழுதி வைப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

இன்னொன்று, குளிர் காய்ச்சல். ஆரம்பித்து அரை மணி, ஒரு மணியில் ஒரே ஷிஃப்டில் இரண்டு மூன்று பேருக்கு நடுக்கம் எடுத்தால் சந்தேகம் தண்ணீர் மேல், டயாலைசர் மறுபயன்பாட்டின் மேல். ஒருவருக்கு மட்டும், அதுவும் டயாலிசிஸுக்காகக் கழுத்து ரத்தக்குழாயில் குழாய் வைத்தவருக்கு என்றால் முதல் சந்தேகம் குழாய் மேல். இரண்டிலும் ரத்தக் கல்ச்சர் (கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்காமல் ஊசி போட்டு அமுக்கினால் அடுத்த ஷிஃப்டிலும் அதே கதைதான். சுற்றுக் குழாயை மாதம் ஒருமுறையாவது கிருமிநீக்கம் செய்யுங்கள். செய்தபின் மருந்து மிச்சம் இல்லை என்று ஸ்ட்ரிப் வைத்து உறுதி செய்துவிட்டுத்தான் ஆளைப் படுக்க வைக்க வேண்டும்.

மின்சாரம். மெஷினில் பேட்டரி இருந்தால் பதினைந்து இருபது நிமிடம் ரத்த பம்ப் மட்டும் ஓடும். பேட்டரி செத்துப்போன பழைய மெஷின் என்றால், பம்ப் மூடிக்குள்ளோ மெஷின் பின்னாலோ பம்பைக் கையால் சுற்ற ஒரு கைப்பிடி இருக்கும். இருக்க வேண்டும்! ஒரே ஒரு கைப்பிடியை எங்கோ அலமாரியில் வைத்துக்கொண்டு ஐந்து மெஷினுக்கு ஓடுவதைக் காணலாம். ரத்தம் அசையாமல் நின்றால் சில நிமிடங்களில் உறையும்; உறைந்தால் லைனிலும் டயாலைசரிலும் இருக்கும் 200 மில்லி போலப் போய்விடும், ஏற்கெனவே ரத்தசோகை உள்ள ஆளுக்கு. செய்வது இப்படி: உடலுக்குத் திரும்பும் லைனைத் தானியங்கிக் கிளாம்பிலிருந்து எடுங்கள், அம்புக்குறி காட்டும் திசையில் நிதானமாகச் சுற்றுங்கள், கண்ணை மட்டும் லைனில் காற்றைப் பிடித்துவைக்கும் குமிழ் அறையிலிருந்து எடுக்காதீர்கள். காற்றுக் குமிழைக் கண்டுபிடிக்கும் சென்சார் இப்போது வேலை செய்யாது, அந்த வேலை உங்கள் கண்ணுக்கு. ஜெனரேட்டர் பத்து நிமிடத்தில் வரும் என்று உறுதி இருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கலாம். இல்லையென்றால் சலைன் விட்டு ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோயாளி இல்லாத நேரத்தில் எல்லாரும் ஒத்திகை பார்த்தால் நல்லது.

இலவசமாக வரும் பழைய மெஷின் பற்றிச் சுருக்கமாக: வோல்டேஜ் பொருந்துமா, உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா, உள்ளூரில் கிடைக்கும் பிளட் லைன் அதன் பம்பில் உட்காருமா, சர்வீஸ் கையேடு உண்டா. ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் வாங்காதீர்கள். ஐந்து மெஷினும் ஒரே மாடலாக இருந்தால், ஒன்று செத்தால் மற்ற நான்குக்கு உதிரிபாகக் கடை.

நோயாளிப் பக்கம் வருவோம். வாரம் மூன்று முறை என்பது வசதி குறைந்த இடங்களில் இரண்டாகிவிடுகிறது. இன்னும் சிறுநீர் போகிறவர்களுக்கு இரண்டு ஓரளவு தாங்கும். 24 மணி நேரச் சிறுநீரை அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும், அந்த மிச்சச் சக்தியைக் காப்பாற்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களுக்குச் சிக்கல் உடலில் தேங்கிய நீரை எடுப்பதில். மணிக்கு, கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது பொதுவான வரம்பு. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 780 மில்லி, நான்கு மணிக்கு மூன்று லிட்டர் சொச்சம். நான்கு நாள் இடைவெளியில் ஐந்து கிலோ ஏறி வருகிறவரிடம் அதே நான்கு மணியில் ஐந்து லிட்டரையும் இழுத்தால் தசைப்பிடிப்பு, பிரஷர் சரிவு, மயக்கம். அவருக்கு ஆறரை மணி நேரம் வேண்டும், அல்லது மறுநாள் இன்னொரு அமர்வு. அட்டவணையில் இடமில்லை என்று அவசரமாக இழுப்பதுதான் பல "திடீர்" மரணங்களுக்குப் பின்னால் இருக்கிறது.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைப்பது) பற்றி ஒன்றே ஒன்று: ரத்தத்தில் கழிவு சேர்வதைக் காட்டும் கிரியாட்டினின் ஏற ஆரம்பித்த நாளிலிருந்து அதிகம் பயன்படுத்தாத கையில் ஊசி போடாதீர்கள், ரத்தமும் எடுக்காதீர்கள். வேண்டுமானால் புறங்கையில் எடுக்கலாம். அறுவை முடிந்து ரத்தக்குழாய் தடிக்க ஆறு வாரமாவது ஆகும். அதற்கு முன் அவசரமாக வந்தால் கழுத்தில்தான் குழாய். கழுத்துக்குக் கீழே உள்ள காரை எலும்புக்கு அடியில் வேண்டாம், பிறகு அந்தப் பக்கக் கையின் ரத்தக்குழாய் சுருங்கி ஃபிஸ்டுலாவே போடமுடியாமல் போகும். தினமும் காலையில் விரல் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று நோயாளியே பார்க்கட்டும். தெரியவில்லை என்றால் அன்றைக்கே வரவேண்டும், அடுத்த டயாலிசிஸ் நாளில் அல்ல.

ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு வயிற்று டயாலிசிஸ் (வயிற்றுக்குள் திரவம் விட்டு, கழிவோடு வெளியே எடுப்பது) நல்ல வழி. ஹாங்காங் 1985லிருந்தும், தாய்லாந்து 2008லிருந்து 2022 வரையும் அதையே முதல் சிகிச்சையாக வைத்திருந்தன. கரன்ட் வேண்டாம், ஆர்.ஓ. வேண்டாம், ஒரு நாளைக்கு நான்கு முறை இரண்டு லிட்டர் திரவம், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். ஆனால் மாதத்துக்கு அது 240 லிட்டர், அதாவது கால் டன் பெட்டிகள், வீட்டு வாசல் வரை வர வேண்டும். வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் வயிற்றுச் சவ்வில் தொற்று. அந்தப் பையையே கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்பச் சொல்லுங்கள்.

ஒரு மையத்தைப் பார்வையிடப் போகிறவர்கள் மெஷின் அறைக்குப் போகுமுன் ஆர்.ஓ. அறைக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். குளோரின் ரெஜிஸ்டரில் ஒரு மாதம் முழுக்க "0.0" ஒரே பேனாவில், ஒரே சாய்வில் இருந்தால் அது ஒரே மூச்சில் எழுதியது. உங்கள் முன்னாலேயே ஒரு சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். ரசாயன டப்பா எங்கே என்று தேட எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். எடுத்துக் கொடுத்ததும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.