சிஎஸ்ஐஆர் நெட் சி பகுதி: எலியைப் பார், நாளைப் பார்

லைஃப் சயின்ஸ் நெட் (ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வு) எழுதப் போகிறவர்களுக்கு, உடம்பின் நோய் எதிர்ப்பைப் பற்றிய இம்யூனாலஜி பாடத்தில் என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். 200 மதிப்பெண்ணில் 100 சி பகுதிக்குத்தான். ஒரு பரிசோதனையைக் கொடுத்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்கள். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. கொரோனா தொற்றிய சுண்டெலிகளின் நுரையீரல் பற்றிய ஆய்வுகளைப் படித்த பிறகுதான் எனக்கு அந்தக் கேள்விகள் பிடிபட ஆரம்பித்தன.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் நாலைந்து பேர் சேர்ந்து படித்தோம். ஒரு கட்டுரையை எடுத்தால் முடிவுரையை மூடி வைத்துவிட்டு, வரைபடங்களை மட்டும் பார்த்து விவாதிப்போம். எந்த விலங்கு, தொற்றி எத்தனையாவது நாள், செல்களை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதுதான் முதல் பேச்சு.

விலங்கை லேசாக விடாதீர்கள். 2020 தொடக்கத்தில் பரவிய வைரஸ் சாதாரண சுண்டெலியின் ஏசிஇ2-வில் (செல்லுக்குள் நுழைய வைரஸ் பிடித்துக்கொள்ளும் புரதம்) சரியாக ஒட்டாது. அதனால் மனித ஏசிஇ2 மரபணு புகுத்திய கே18 எலியைப் பயன்படுத்தினார்கள். அதில் மூளைக்கும் தொற்று ஏறும். எலி செத்தால் நுரையீரல்தான் காரணம் என்று உடனே டிக் அடித்துவிடக் கூடாது.

நாள்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். 2016-ல் வந்த ஒரு சார்ஸ் (கொரோனா குடும்பத்து வைரஸ்) ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். எலிகளில் வைரஸ் வேகமாகப் பெருகியது, வைரஸை எதிர்க்க உடம்பு சுரக்கும் டைப் 1 இன்டர்ஃபெரான் தாமதமாக வந்தது. அதைத் தொடர்ந்து மோனோசைட்-மேக்ரோஃபேஜ்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் நுரையீரலில் குவிந்தன, ரத்தக்குழாய்கள் கசிந்தன, வைரஸை எதிர்க்கும் டி செல்களின் வேலையும் கெட்டது. இன்டர்ஃபெரானை உணரும் ரிசப்டரே இல்லாத எலிகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் வைரஸ் அளவில் மாற்றமில்லை! இந்த ஒரு வரியில் பல கேள்விகள் அடங்கியிருக்கின்றன. வைரஸ் குறையாமலே எலி பிழைத்தது என்றால், கொன்றதில் உடம்பின் எதிர்வினைக்குத்தான் பெரும் பங்கு. அப்படியானால் இன்டர்ஃபெரான் கெட்டதா? அதே குடும்பத்து மெர்ஸ் வைரஸ் பற்றிய 2019 ஆய்வில் தொற்றி ஒரு நாளுக்குள் கொடுத்தபோது அதுவே எலிகளைக் காப்பாற்றியது. தாமதமாகக் கொடுத்தபோது பிழைத்திருக்க வேண்டியவையும் நிமோனியாவில் இறந்தன. நாளைச் சொல்லாமல் 'காக்கும்', 'கெடுக்கும்' என்று மட்டும் பேசும் விடையைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது, செல்கள் இருந்த இடம். நுரையீரலை அரைத்து எடுத்தால் அதன் ரத்தக்குழாய்களில் ஓடிய செல்களும் கூடவே வந்துவிடும். அதனால் எலியைக் கொல்வதற்குச் சில நிமிடம் முன்பு, வெள்ளையணுக்களில் ஒட்டும், நிறமேற்றிய சிடி45 ஆன்டிபாடியை ரத்தத்தில் செலுத்துவார்கள். ரத்தத்தில் இருந்த செல் நிறம் பிடிக்கும், திசுவுக்குள் இருப்பது பிடிக்காது. எவ்வளவு அழகான யோசனை!

சதவீதத்திலும் எச்சரிக்கை வேண்டும். 100 செல்லில் 40 ஆல்வியோலார் மேக்ரோஃபேஜ் (நுரையீரல் காற்றுப்பைகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ்) என்று வையுங்கள். தொற்றினால் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் 300 உள்ளே வந்தால் அந்த 40 சதவீதம் 10 ஆகிவிடும். மேக்ரோஃபேஜ் ஒன்றுகூடச் சாகவில்லை. கேள்வியில் மொத்த எண்ணிக்கை கொடுக்காமல் சதவீதம் மட்டும் இருந்தால், 'செல்கள் அழிந்தன' என்ற விடையைத் தொடாதீர்கள்.

தவறான விடைக்கு 25% கழியும். சி பகுதியில் 75 கேள்விகளில் 25-க்கு விடையளித்தால் போதும். விலங்கும் நாளும் தெளிவாகக் கொடுத்திருக்கும் கேள்விகளை முதலில் எடுங்கள்.