ஒரு நெட்வொர்க் கார்டும் நான்கு பயணங்களும்

இரண்டு 10 ஜிகாபிட் இணைப்புகளில் ஓடும் டிராஃபிக்கை முழுவதுமாகக் கேட்டுப் பதிவு செய்யும் சர்வர் ஒன்றை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கார்டு தேர்வை அரை நாள் வேலையாகத்தான் கணக்கிட்டிருந்தேன். அது ஏழு வாரம் இழுத்தது. டேட்டா சென்டருக்கு ஒரு முறை போக வேண்டிய இடத்தில் நான்கு முறை போனேன். அந்தப் பயணங்களில் குறைந்தது இரண்டு, வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் ஆவணம் படித்திருந்தால் தேவைப்பட்டிருக்காதவை.

முதல் தவறு எண்ணிக்கையில் நேர்ந்தது. இணைப்புகள் இரண்டு என்பதால் இரண்டு போர்ட் கொண்ட 10 ஜிகாபிட் கார்டு போதும் என்று ஆர்டர் கொடுத்தேன். ரேக்கின் முன் நின்று, இணைப்பின் ஒளியில் ஒரு பங்கைப் பிரித்து நகலாகத் தரும் ஆப்டிகல் டேப்பிலிருந்து வரும் கேபிளைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது: இணைப்பின் போகும் திசைக்கு ஓர் இழை, வரும் திசைக்கு ஓர் இழை என்று டேப் தனித்தனியாகப் பிரித்துத் தருகிறது, ஒவ்வொன்றும் தனியாக 10 ஜிகாபிட் வரை சுமக்கக்கூடியது. ஆகவே இரண்டு இணைப்புகளுக்கு நான்கு பெறும் போர்ட்டுகள் வேண்டும். டேப்பை விட்டுவிட்டு, டிராஃபிக்கின் நகலை வெளியே தள்ளும் ஸ்விட்சின் மிரர் போர்ட்டை வைத்துச் சமாளிக்கலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. இரு திசையையும் சேர்த்து 20 ஜிகாபிட் வரை வரக்கூடியதை 10 ஜிகாபிட் வாயில் திணித்தால் மீதியை ஸ்விட்ச் ஓசையின்றிக் கீழே போட்டுவிடும், அந்த இழப்பு கண்காணிக்கும் சர்வரில் எங்கும் பதிவாகாது. இருப்பதிலேயே மோசமான இழப்பு அதுதான்.

இரண்டாவது முறை நான்கு போர்ட் கார்டு வந்தது. விற்பனைப் பிரதிநிதியிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, முழு வரிவேகத்தில் பெறுமா என்பதுதான். "எல்லாம் 10 ஜி கார்டுதானே சார், வரும்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் என் கேள்வி அரைகுறையானது. 1518 பைட் பாக்கெட்டுகளால் 10 ஜிகாபிட் இணைப்பை நிரப்பினால் நொடிக்கு ஏறக்குறைய 8 லட்சத்து 12 ஆயிரம் பாக்கெட்டுகள் வரும். அதே இணைப்பை 64 பைட் பாக்கெட்டுகளால் நிரப்பினால் 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம் வரும், அதாவது ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் நேரம் 67.2 நானோ நொடி மட்டுமே. கோப்பு பரிமாறும் சர்வருக்கு முதல் எண் போதும். தாக்குதல் நேரத்திலும் கண் திறந்திருக்க வேண்டிய சர்வருக்கு இரண்டாவது எண்ணைத்தான் கேட்டிருக்க வேண்டும், அதுவும் எத்தனை போர்ட் ஒரே நேரத்தில் என்று சேர்த்து.

டிரைவர் நிறுவியதில் சிக்கல் ஏதுமில்லை. ஆனால் நான்கு போர்ட்டில் ஒன்றுகூட லிங்க் காட்டவில்லை. இழையை மாற்றினேன், டேப்பின் வாயை மாற்றினேன், கடைசியில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் செய்திகளைப் பார்த்தால், ஆதரிக்கப்படாத மாட்யூல் என்று ஒரே வரி நான்கு முறை இருந்தது. ஸ்விட்சில் மாதக்கணக்கில் பிழையின்றி ஓடிய அதே டிரான்ஸீவர்கள்தாம் (ஒளியை மின்குறிப்பாக மாற்றும் மாட்யூல்கள்), கார்டுக்கு மட்டும் அவற்றின் உற்பத்தியாளர் அடையாளம் பிடிக்கவில்லை. இன்டெல் 82599 சிப்புக்கான லினக்ஸ் டிரைவரில் இந்தத் தடையைத் தளர்த்த ஓர் அளவுரு உண்டு என்பது நினைவிருந்ததால் அதே போன்ற ஒன்றை அரை மணி நேரம் தேடினேன். என் கையில் இருந்த கார்டிலோ பூட்டு டிரைவரில் இல்லை, கார்டுக்குள் பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே இருந்தது. நுழைவு அனுமதியை நீட்டிக்க அலுவலர் மறுத்துவிட்டார். கார்டின் ஏற்புப் பட்டியலில் உள்ள டிரான்ஸீவர்கள் வந்து சேர மேலும் பத்து நாள் ஆயிற்று. கார்டும் டிரான்ஸீவரும் ஒரே ஆர்டரில், ஒரே பட்டியலைப் பார்த்து வாங்கப்பட வேண்டியவை.

மூன்றாவது பயணத்தில் நான்கு விளக்குகளும் எரிந்தன. டேப் ஒளியைச் சரிபாதியாகப் பிரித்தாலே 3 டெசிபெல்லுக்குக் குறையாமல் இழப்பு உண்டு என்பதால், கார்டின் நிலையைக் காட்டும் லினக்ஸ் கட்டளையான ஈத்டூலில் மாட்யூல் விவரத்தைக் கேட்டு வரும் ஒளியின் அளவைக் குறித்துக்கொண்டேன். நிம்மதியாக வீடு திரும்பினேன். அன்று பின்னிரவில் பேக்கப் ஓடத் தொடங்கியதும், கண்காணிப்பு மென்பொருளான சுரிகாட்டா இழப்பு பூஜ்யம் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருக்க, ஈத்டூல் காட்டிய கார்டின் சொந்தக் கணக்கில் ஒரு வரி மட்டும் நொடிக்கு நொடி ஏறிக்கொண்டிருந்தது. கார்டு வாங்கிவிட்டு நினைவகத்துக்குத் தள்ள முடியாமல் கைவிட்ட பாக்கெட்டுகளின் வரி அது. அதன் பெயர் டிரைவருக்கு டிரைவர் மாறும், மிஸ்டு, டிராப்டு, நோ பஃபர் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். மென்பொருள் தன் கைக்கு வந்ததை மட்டுமே எண்ணுகிறது, வாசலிலேயே விழுந்தவை அதற்குத் தெரியாது. இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்க்காதவரை, இழப்பில்லை என்ற அறிக்கையை நம்பவே வேண்டாம்.

பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசையான ரிங் பஃபரை அது அனுமதிக்கும் உச்சமான 4096-க்கு உயர்த்தியும் பயனில்லை. கார்டு செருகும் பிசிஐஇ ஸ்லாட்டுகளை ஆராயும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் விரிவான வெளியீட்டைப் பொறுமையாகப் படித்தபோதுதான் காரணம் கிடைத்தது: கார்டின் திறன் 8 லேன் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான தரவுப் பாதை), இணைந்திருந்ததோ 4 லேன். ஸ்லாட்டின் நீளம் 8 லேனுக்கானது, உள்ளே கம்பி இழுத்திருந்தது 4 லேனுக்கு மட்டும். மதர்போர்டு கையேட்டில் இது ஓர் அடிக்குறிப்பாக இருந்தது. பிசிஐஇ 3.0-இல் 8 லேன் சுமார் 63 ஜிகாபிட் தரும், 4 லேன் சுமார் 31.5. அதிலும் தலைப்புகளும் டிஸ்கிரிப்டர்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது இன்னும் குறைவு. நான்கு போர்ட்டும் சேர்ந்து நெரிக்கும் பேக்கப் நேரத்தில் மட்டும் இழப்பு தோன்றியது இதனால்தான். பகலில் சோதித்திருந்தால் பல மாதங்களுக்கு இது வெளியே தெரிந்திருக்காது.

நான்காவது பயணத்தில் கார்டைச் சரியான ஸ்லாட்டுக்கு மாற்றினேன். லேன் எட்டும் வந்தன, இழப்பு குறைந்தது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. புதிய ஸ்லாட் இரண்டாவது பிராசசரைச் சேர்ந்தது, சுரிகாட்டாவின் வேலைக் கிளைகளான திரெட்டுகளையோ பழைய ஸ்லாட்டுக்கு ஏற்ப முதல் பிராசசரில் கட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு பிராசசரின் நினைவகத்தில் இறங்கி, மற்றதன் வாசலுக்கு நடந்துகொண்டிருந்தது. கார்டு எந்த நூமா முனையில், அதாவது எந்த பிராசசரின் பக்கம், இருக்கிறது என்பதை லினக்ஸின் சிஸ்எஃப்எஸ் கோப்பு ஒன்றே சொல்லிவிடும். இந்தத் திருத்தத்தை வீட்டிலிருந்தே செய்ய முடிந்தது, திரெட்டுகளை இடம் மாற்றிய அரை மணியில் அந்த வரி ஏறுவதை நிறுத்தியது. ஏழு வாரத்தில் எனக்குக் கிடைத்த முதல் முழுத் தூக்கம் அன்றுதான்.

அடுத்த நாள் வேறொரு விநோதம் கண்ணில் பட்டது. பாக்கெட் எதுவும் இழக்கவில்லை, ஆனாலும் பாதிக்குப் பாதி டிசிபி இணைப்புகளைக் கைகுலுக்கல் முடியாதவை என்று சுரிகாட்டா புகார் செய்தது. ஆர்எஸ்எஸ் என்னும் பகிர்வு முறையில் பாக்கெட்டில் உள்ள முகவரிகளையும் போர்ட் எண்களையும் ஒரு சாவியைக் கொண்டு ஹேஷ் என்னும் ஒற்றை எண்ணாகச் சுருக்கித்தான், எந்தப் பாக்கெட் எந்த க்யூவுக்கு, அதாவது எந்தத் திரெட்டின் வரிசைக்கு, போக வேண்டும் என்று கார்டு முடிவு செய்கிறது. வழக்கமான சாவியில், கேள்வியின் ஹேஷும் பதிலின் ஹேஷும் வேறு வேறாக வந்து, ஒரே உரையாடலின் இரு பாதிகள் இரண்டு திரெட்டுகளிடம் சிக்குகின்றன. 6டி, 5ஏ என்ற இரண்டு பைட்டுகளையே திரும்பத் திரும்ப எழுதி நிரப்பிய சாவியைப் பயன்படுத்தினால் இரு திசைக்கும் ஒரே ஹேஷ் கிடைக்கும் என்பதை 2012-இல் கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சாவி 16 பிட்டுக்கு ஒருமுறை மீண்டும் வருவதால் அனுப்புநரும் பெறுநரும் இடம் மாறினாலும் விடை மாறாது. டேப்பில் திசைக்கொரு போர்ட் என்பதால் எனக்குக் கூடுதலாக ஒரு வேலையும் இருந்தது: இரண்டு போர்ட்டிலும் ஒரே சாவி, ஒரே எண்ணிக்கையில் க்யூ என்று வைத்து, இரண்டையும் பாண்டு செய்து ஒரே இடைமுகமாகக் காட்ட வேண்டியிருந்தது. ஆகவே, சாவியை நாமே எழுத முடியுமா என்பதை வாங்கும் முன்பே கேளுங்கள். சில கார்டுகளில் முடியாது.

பாக்கெட் வந்த கணத்தைக் குறிக்கும் நேரமுத்திரை விஷயத்தில் நான் தப்பித்தது வெறும் அதிர்ஷ்டம். ஈத்டூல் காட்டும் நேரமுத்திரைப் பட்டியலில், பெறும் வடிகட்டி எல்லாப் பாக்கெட்டுக்கும் என்று இருந்தால்தான் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கார்டே நேரம் குறிக்கும். கடிகாரங்களை ஒத்திசைக்கும் பிடிபி பாக்கெட்டுகளுக்கு மட்டும் குறிக்கும் கார்டுகளும் "வன்பொருள் நேரமுத்திரை உண்டு" என்ற அதே வாசகத்தோடுதான் விற்கப்படுகின்றன. திசைகள் தனித்தனிப் போர்ட்டில் வரும் இடத்தில், கர்னல் குறிக்கும் நேரத்தை நம்பினால் பதில் கேள்விக்கு முந்திப் பதிவாகும் அபத்தம் நேரும். பிராசசரை அழைக்கும் இன்டரப்டுகளைக் கார்டு கூட்டிச் சேர்ப்பதால், ஒரு கொத்துப் பாக்கெட்டுக்கு ஏறக்குறைய ஒரே நேரம் விழுந்துவிடுகிறது.

பாக்கெட்டுகள் வந்தபடியே பதிவாக வேண்டும் என்பதால், அவற்றை ஒட்டிப் பெரிதாக்கும் ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும், பாக்கெட் எந்த உள்வலையைச் சேர்ந்தது என்று சொல்லும் வீலேன் குறிச்சொல்லை உரித்தெடுக்கும் வசதியையும் அணைத்துவிட்டேன். அண்டைக் கருவிகள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் எல்எல்டிபி பாக்கெட்டுகள் மட்டும் ஒருநாளும் பதிவாகாமல் இருந்தன. கார்டின் ஃபர்ம்வேரில் இருந்த ஏஜென்ட் ஒன்று அவற்றை வழியிலேயே விழுங்கிக்கொண்டிருந்தது, அதை ஈத்டூலின் தனிக்கொடி ஒன்றால் நிறுத்த முடிந்தது.

இப்போது மூன்றாவதாக ஓர் இணைப்பு, 25 ஜிகாபிட்டில், வரவிருக்கிறது. இந்த முறை விலைப்புள்ளிக்கு முன்னால் மதர்போர்டின் பிளாக் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, எந்த ஸ்லாட் எந்த பிராசசருக்கு எத்தனை லேனில் போகிறது என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். டேப்பிலிருந்து கேட்க மட்டுமே செய்யும் போர்ட் எதிர்முனையோடு பேசி எதையும் ஒத்துக்கொள்ள முடியாது. ஆகவே அசல் இணைப்பின் இரு முனைகளும் எந்த எஃப்இசி (பிழை திருத்தும்) முறையில் ஓடுகின்றன என்று நெட்வொர்க் குழுவிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன், அதையே கார்டிலும் கையால் வைக்க வேண்டும். பதில் வரும் வரை ஆர்டர் போகாது.